பத்தொன்பதாவது பைட்

2022 ஜூலை 4 அன்று குனோங் இனாஸ் மலைப்பக்கமிருந்து இறங்கிய வெள்ளம் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பாலிங் மாவட்டத்துக் கூப்பாங்கைப் புரட்டிப்போட்டது. மரங்கள் வேரோடு வந்தன. கம்போங் இபோய் வட்டாரத்தில் வீடுகள் இருந்த இடத்தில் சேறு நின்றது. மூன்று பேர் இறந்தார்கள். மலையோர ஆறுகளில் நீர் ஏறும் வேகம் அப்படி. மேலே பெய்த மழை கீழே இருப்பவருக்குத் தெரியவருவதற்கு முன்பே தண்ணீர் வாசலில் நிற்கும்.

நீர்ப்பாசன வடிகால் துறை நாடு முழுவதும் ஆறுகளில் அளவுமானிகளை வைத்து, நீர்மட்டத்தை வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்ற படிகளில் இணையத்தில் காட்டுகிறது. வீட்டில் செய்யும் எந்தக் கருவியும் அதற்கு ஈடாகாது. ஈடாக நினைக்கவும் கூடாது. ஆனால் ஓர் இடைநிலைப்பள்ளி மாணவி தன் வீட்டுப் பின்புறம் ஓடும் சிற்றாற்றுக்கு ஓர் அளவுமானி செய்து பழகினால், அதைவிட நல்ல கணினிப் பாடம் இருக்க முடியாது. ஒலியலையை நீர்ப்பரப்புக்கு அனுப்பி எதிரொலியைப் பிடிக்கும் உணரி ஒன்று, ரேஸ்பெரி பை பலகை ஒன்று, ஒரு பழைய மடிக்கணினி. செலவு அவ்வளவுதான். அந்த மாணவியை இந்த அத்தியாயம் முழுக்க உடன் வைத்துக்கொள்வோம். அவள் கற்பனைப் பாத்திரம். அவளுக்கு நேரும் தடங்கல்கள் எல்லாம் உண்மை. உலகெங்கும் நிரலாளர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் அவை.

நிரலின் பெரும்பகுதியை அவள் பைத்தானில் எழுதுகிறாள். எதிரொலி வர எடுத்த நேரத்தை மைக்ரோ விநாடிக் கணக்கில் அளக்கும் சிறு பகுதிக்குப் பைத்தானின் வேகம் போதாது. அதை மட்டும் சி மொழியில் எழுதி, கம்பைல் செய்து, ஒரு தனிக் கோப்பாக வைத்துக்கொள்கிறாள். நிரலாளர்கள் நேட்டிவ் லைப்ரரி என்று சொல்வது இத்தகைய கோப்பைத்தான். பைத்தான் ஓடும்போது அந்தக் கோப்பைத் தன் நினைவகத்துக்குள் ஏற்றி, அதிலுள்ள செயல்களைக் கூப்பிடும்.

பைத்தான் வரி எந்தக் கணினிக்குப் போனாலும் அதே வரிதான். நேட்டிவ் லைப்ரரி அப்படி இல்லை. அதற்குள் இருப்பவை ஒரு குறிப்பிட்ட புராசஸர் குடும்பத்துக்கு மட்டும் பொருள்படும் எண்கள். 'வேலை முடிந்தது, கூப்பிட்டவரிடம் திரும்பு' என்ற மிக எளிய ஆணையை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினிகளில் நாம் நெடுங்காலம் பார்த்துவரும் எக்ஸ்86 குடும்பத்தில் அதற்கு ஒரே ஒரு பைட்: 195. கைத்தொலைபேசிகளில் இருக்கும் 64 பிட் ஆர்ம் குடும்பத்தில் அதே ஆணைக்கு நான்கு பைட்கள்: 192, 3, 95, 214. எக்ஸ்86 ஆணை ஒரு பைட் நீளமாகவும் இருக்கலாம், பதினைந்து பைட் நீளமாகவும் இருக்கலாம். 64 பிட் ஆர்மில் எல்லா ஆணைகளும் நான்கு பைட்தான். ஒன்றுக்காக எழுதிய எண்வரிசையை மற்றொன்றிடம் கொடுத்தால், எங்கே ஓர் ஆணை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதே அதற்குத் தெரியாது.

இந்த இரு குடும்பங்களில் முதலாவது நம் வட்டாரத்துக்கு அந்நியம் அல்ல. இன்டெல் 1972-ல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தொகுப்பு ஆலை தொடங்கியது. அதே ஆண்டில் ஏஎம்டி நிறுவனமும் பினாங்குக்கு வந்தது. எக்ஸ்86 குடும்பத்தின் மூத்த சிப்பான 8086 வெளிவந்தது 1978-ல். 1996-ல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா தொடங்கியபோது அந்த வேலை கெடாவுக்குள்ளும் வந்தது. பால்மரத் தோட்டங்களில் பிறந்த ஒரு தலைமுறையே ஃபேக்டரி பஸ் ஏறி, ஷிப்ட் முறையில், இந்தச் சிப்புகளைத் தொகுத்தது, சோதித்தது. ஆர்ம் குடும்பத்தின் முதல் சிப்பு 1985-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஏகார்ன் நிறுவனத்தில், சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் வடிவமைப்பில் உருவானது. ரேஸ்பெரி பை இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே மாணவியின் மேசைமேல் இரண்டு குடும்பங்களும் அருகருகே இருக்கின்றன. தகராறு அங்கேதான் பிறக்கிறது.

அவள் தன் லைப்ரரியை மூன்று முறை கம்பைல் செய்கிறாள்: மடிக்கணினியின் எக்ஸ்86 64 பிட்டுக்கு ஒன்று, 64 பிட் ஆர்முக்கு ஒன்று, பழைய 32 பிட் ஆர்முக்கு ஒன்று. மூன்றுக்கும் ஒரே பெயர். மூன்று உள்கோப்புறைகளில் கிடக்கின்றன. பிறகு ஒரு சோதனை எழுதுகிறாள். லைப்ரரியை ஏற்று, ஒரு பொய்யான எதிரொலி நேரத்தைக் கொடு, சரியான சென்டிமீட்டர் வருகிறதா பார். நல்ல சோதனை. அது லைப்ரரியைத் தேடும் விதம் மட்டும் கவலைக்குரியது: கோப்புறைகளுக்குள் அந்தப் பெயர் கொண்ட கோப்புகளைத் தேடி, முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொள்கிறது.

அவள் மடிக்கணினியில் சோதனை தேறுகிறது. கூலிமில் வேலை செய்யும் அவளுடைய அண்ணனின் மடிக்கணினியில், அதே எக்ஸ்86, அதே லினக்ஸ், சோதனை தோற்கிறது.

"அண்ணே, ஃபைல் இங்கதான் இருக்கு, கண்ணு முன்னால. மெஷின் இல்லேங்குது."

"பேரு சரியா போட்டியா?"

"காப்பி பண்ணித்தான்ணே போட்டேன்."

அவள் சொல்வது சரி. கோப்பு இருக்கிறது. லினக்ஸோ 'அப்படிப்பட்ட கோப்போ கோப்புறையோ இல்லை' என்று அடித்துச் சொல்கிறது. இந்தச் செய்தியை நம்பிப் பெயரையும் பாதையையும் அனுமதியையும் மணிக்கணக்காகத் துருவியவர்கள் எண்ணற்றோர். காரணம் லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சிக்குள் இருக்கிறது. ஏற்ற வேண்டிய கோப்பை அது திறந்து, தலைப்பகுதியைப் படித்து, வேறு குடும்பத்துப் புராசஸருக்கானது என்று கண்டால், கோப்பை மூடிவிட்டு 'கோப்பு இல்லை' என்ற பிழை எண்ணை வைத்துவிடுகிறது. பல கோப்புறைகளில் தேடும்போது பொருந்தாததை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போக அது வசதியான ஏற்பாடு. ஒரே ஒரு கோப்பைச் சுட்டிக்காட்டிக் கேட்பவருக்கு அது தவறான விடை. பிழைச் செய்தி எழுதுபவர்கள் இதில் இன்னும் அக்கறை காட்டியிருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். ஜாவாவை உருவாக்கியவர்கள் காட்டியிருக்கிறார்கள். லினக்ஸில் ஒரு லைப்ரரி ஏறாவிட்டால், ஜாவா தானே அந்தக் கோப்பின் தலைப்பகுதியைத் திறந்து பார்த்து, இந்தக் குடும்பத்துக் கோப்பை அந்தக் குடும்பத்துக் கணினியில் ஏற்ற முடியாது என்று இரண்டின் பெயரையும் குறிப்பிட்டுச் சொல்லும். ஆப்பிளின் மேக் கணினியும் எது இருக்கிறது, எது வேண்டும் என்று இரண்டையும் சொல்லிவிடும்.

ஆனால் அவளுடைய கணினியில் தேறியது எப்படி? கோப்புறையைப் பட்டியலிடும்போது பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்பதற்குப் பைத்தான் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அகர வரிசை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் வட்டில் அவை பதிந்திருக்கும் முறைப்படி வருகின்றன. அவள் வட்டில் எக்ஸ்86 கோப்புறை முதலில் வந்தது. அண்ணன் வட்டில் 64 பிட் ஆர்ம் முதலில் வந்தது. முதல் நாளிலிருந்தே தவறாக இருந்த சோதனை அதிர்ஷ்டத்தால் தேறிக்கொண்டிருந்தது. தோற்ற சோதனையைவிட இப்படித் தேறிய சோதனைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

கோப்பின் தலைப்பகுதியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். லினக்ஸில் இயங்கும் நிரல்களும் லைப்ரரிகளும் எல்ஃப் என்ற வடிவத்தில் இருக்கும். முதல் பைட் 127. அடுத்த மூன்றும் அந்த வடிவத்தின் பெயரெழுத்துகள். ஐந்தாவது பைட் 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64 பிட். ஆறாவது பைட், பெரிய எண்களின் பைட்கள் எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்கிறது. பத்தொன்பதாவதும் இருபதாவதும் சேர்ந்த எண்தான் புராசஸர் குடும்பத்தின் எண். 3 என்றால் பழைய 32 பிட் எக்ஸ்86. 40 என்றால் 32 பிட் ஆர்ம். 62 என்றால் 64 பிட் எக்ஸ்86. 183 என்றால் 64 பிட் ஆர்ம். நாம் அன்றாடம் காணும் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் எண் 255-க்குள் அடங்குவதால், நம் கணினிகளில் பத்தொன்பதாவது பைட் ஒன்றே போதும்; இருபதாவது பூஜ்யமாக இருக்கும்.

பால்மரத் தோட்டத்து நாற்றங்காலில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 வகை ஒட்டுக்கன்றும் வேறு வகைக் கன்றும் ஒரே மாதிரிக் கறுப்புப் பையில் நிற்கும். பையைப் பார்த்து வகை சொல்ல முடியாது, இலையைப் பார்க்க வேண்டும். கோப்புப் பெயர் அந்தப் பை. பத்தொன்பதாவது பைட் இலை.

மாணவி முதல் திருத்தத்தைச் செய்கிறாள். கண்ணில் பட்டதை எடுக்காமல், 'நீ எந்தக் கணினி' என்று கேட்டு, விடைக்கேற்ற கோப்புறையைத் திறக்கும்படி சோதனையை மாற்றுகிறாள். பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். அந்த வரி லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலிடம் கேட்டு விடை தரும். இரண்டு மடிக்கணினிகளிலும் சோதனை தேறுகிறது. பலகையில் ஓட்டுகிறாள். தோற்கிறது. இம்முறை செய்தி வேறு: 'தவறான எல்ஃப் வகுப்பு, 64 பிட்.'

பலரையும் குழப்பியது இது. ரேஸ்பெரி பையின் இயங்குதளம் நெடுங்காலம் 32 பிட்டாகவே இருந்தது. 64 பிட் பதிப்பு அதிகாரபூர்வமாக வந்தது 2022 பிப்ரவரியில். பழைய 32 பிட் பதிப்பையே வைத்திருந்தவர்களுக்கு 2023-ல் வந்த ஒரு மேம்பாடு, ரேஸ்பெரி பை 4 போன்ற பலகைகளில் கெர்னலை மட்டும் 64 பிட்டாக மாற்றியது. மேலே ஓடும் நிரல்கள், பைத்தான் உட்பட, 32 பிட்டாகவே நின்றன. பலகையிடம் 'நீ யார்' என்று கேட்டால் கெர்னல் '64 பிட் ஆர்ம்' என்கிறது. அது பொய் அல்ல. ஆனால் கேள்வி கேட்ட பைத்தான் 32 பிட். அதனால் 64 பிட் லைப்ரரியை ஏற்ற முடியாது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிக் கெர்னலைப் பழையபடி 32 பிட்டுக்குத் திருப்பலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். அது இந்தப் பலகையின் அறிகுறியைத் தணிக்கும். சோதனை கேட்ட கேள்வி தவறாகவே இருக்கும்.

எந்தக் கணினி என்று கேட்பதை விட்டுவிட்டு, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இந்த நிரல் எந்தக் குடும்பத்துக்காகக் கம்பைல் ஆனது என்று கேட்க வேண்டும். லைப்ரரி ஏறப்போவது இந்த நிரலின் நினைவகத்துக்குள். கணினியின் உடலுக்குள் அல்ல. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாகத் தெளியும்.

ஆப்பிள் 2020 நவம்பரில் தன் முதல் ஆர்ம் மேக்குகளை வெளியிட்டபோது ஜாவா உலகம் இதே பாடத்தை எதிர்ப்பக்கமிருந்து படித்தது. அந்த மேக்குகளில் ரொசெட்டா 2 என்ற பெயர்ப்பி உண்டு. இன்டெல் நிரல்களை அது ஆர்ம் ஆணைகளாக மாற்றி ஓடவைக்கும். பழைய இன்டெல் ஜாவாவை அதில் ஓட்டினால், ஜாவா தன்னை எக்ஸ்86 என்றே சொல்லும். அப்படிச் சொல்வதுதான் சரி, ஏனென்றால் அதற்கு வேண்டியது இன்டெல் லைப்ரரி. உள்ளே இருப்பது ஆர்ம் சிப்பு என்று தெரிந்துகொண்டு ஆர்ம் லைப்ரரியைக் கொடுத்தால் தோற்கும். மறுபுறம், ஆர்முக்கான புதிய ஜாவாவை நிறுவியவர்களுக்குப் பழைய இன்டெல் லைப்ரரிகள் தோற்றன. ஜேஎன்ஏ, நெட்டி போன்ற, ஆயிரக்கணக்கான திட்டங்கள் சார்ந்திருக்கும் லைப்ரரிகளின் பழைய பதிப்புகளில் ஆர்ம் மேக்குக்கான கோப்பே கிடையாது. நேற்றுவரை தேறிய சோதனைகள், ஒரு வரிகூட மாறாமல், புதுக் கணினி வாங்கிய அன்றே தோற்றன.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. விண்டோஸில் ஒரு தமிழ் உள்ளீட்டு மென்பொருள், வழக்கமாக நாம் தட்டும் ஒவ்வொரு நிரலின் நினைவகத்துக்குள்ளும் தன் லைப்ரரியை ஏற்ற வேண்டியிருக்கும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்களும் ஓடும். ஆகவே ஒரே விசைப்பலகையின் லைப்ரரியை இரு வடிவங்களிலும் தர வேண்டியிருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டால், ஒரு நிரலில் தமிழ் வரும், பக்கத்து நிரலில் வராது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் உருவாக்கிய முரசு அஞ்சல், டாஸ் காலத்திலிருந்து இன்றுவரை நிலைத்திருக்கும் தமிழ் மென்பொருள். அந்த நாற்பது ஆண்டுகளில் 16 பிட், 32 பிட், 64 பிட் என்று தரையே இரண்டு முறை மாறியிருக்கிறது. தமிழ் எழுத்து திரையில் தடங்கலின்றி வருவதற்குப் பின்னால் இவ்வளவு மறைவான உழைப்பு இருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. விண்டோஸின் கோப்புறைப் பெயர்களும் உதவுவதில்லை: பெயரில் 32 இருக்கும் சிஸ்டம்32-ல்தான் 64 பிட் லைப்ரரிகள் இருக்கின்றன, 32 பிட் லைப்ரரிகளோ பெயரில் 64 இருக்கும் சிஸ்வாவ்64-ல்.

மாணவியின் இரண்டாம் திருத்தத்துக்கு வருவோம். லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு நிரலும் தன் மூலக் கோப்பைத் தானே திறந்து படிக்க ஒரு வழி உண்டு. புராக் என்ற கோப்புறைக்குள் செல்ஃப், அதற்குள் எக்ஸி. பைத்தான் அதைத் திறந்தால் பைத்தானின் சொந்தக் கோப்பே கிடைக்கும். பெயரைக் கொண்டு பைத்தானைத் தேடினால் இடையில் குறுக்கு இணைப்புகளும் உறை நிரல்களும் வந்து ஏமாற்றலாம். இந்த வழியில் ஏமாற்றம் இல்லை. அவள் அதன் முதல் இருபது பைட்களைப் படிக்கிறாள். லைப்ரரிக் கோப்பின் முதல் இருபது பைட்களையும் படிக்கிறாள். ஐந்தாவது, ஆறாவது, பத்தொன்பதாவது, இருபதாவது பைட்கள் இரண்டிலும் ஒன்றா என்று பார்க்கிறாள். ஒன்றானால் ஏற்று. இல்லாவிட்டால் நிறுத்தி, 'நான் 40, நீ தந்தது 183, கோப்பு இன்னது' என்று சொல். இதில் பெயர்ப் பட்டியல் எதுவும் தேவையில்லை. ஒரே 64 பிட் எக்ஸ்86 குடும்பத்துக்கு மூன்று நான்கு பெயர்கள் புழங்குகின்றன, ஒரே 64 பிட் ஆர்முக்கு இரண்டு. லினக்ஸில் ஒரு பெயரும் மேக்கில் வேறு பெயரும் வருவதால், பெயரை ஒப்பிட்டு முடிவெடுக்கும் நிரல்கள் விடாமல் உடைகின்றன. எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அவள் செய்வதைப் பெரிய திட்டங்கள் வேறு வழிகளில் செய்கின்றன. பைத்தானின் நிறுவியான பிப், கெர்னல் 64 பிட் என்று சொன்னாலும் தான் 32 பிட் பைத்தானில் ஓடுவதைக் கண்டால் அந்த விடையைத் திருத்திக்கொள்கிறது. டெபியன் லினக்ஸ் 2013 முதல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி லைப்ரரிக் கோப்புறை வைத்து, ஒரே கணினியில் பல குடும்பங்களைக் கலவாமல் வாழவைக்கிறது. ஆண்ட்ராய்டு செயலிகளின் பொதிக்குள்ளும் குடும்பத்துக்கொரு கோப்புறை உண்டு. அங்கே ஒரு பொறி இருக்கிறது: 64 பிட் கோப்புறையில் மூன்று லைப்ரரிகளில் ஒன்றை மட்டும் வைத்துவிட்டால், செயலி 64 பிட்டாகத் தொடங்கி மற்ற இரண்டையும் காணாமல் விழுந்துவிடும்.

பத்தொன்பதாவது பைட் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். முதல் ரேஸ்பெரி பையும் பழைய ஜீரோ பலகையும் ஆர்மின் ஆறாம் பதிப்பு. ஏழாம் பதிப்புக்காகக் கம்பைல் செய்த லைப்ரரியின் தலைப்பகுதியிலும் அதே 40 தான் இருக்கும். ஏறும், ஓடத் தொடங்கும், பலகைக்குத் தெரியாத ஓர் ஆணை வந்த இடத்தில் செத்துவிடும். ஜிலிப்சிக்காகச் செய்த லைப்ரரி, மஸ்ல் என்ற வேறு அடிப்படை லைப்ரரியைக் கொண்ட ஆல்பைன் லினக்ஸில் ஏறாமல் போகலாம். அங்கும் எண் ஒன்றுதான். இன்னொன்று: சரியான குடும்பம், தவறான கோப்பு. போன மாதம் அவள் கணினியின் பொதுக் கோப்புறையில் நிறுவிய பழைய பிரதி இன்னும் கிடந்தால், பெயரை மட்டும் சொல்லி ஏற்றும் சோதனை அதையே எடுத்துக்கொண்டு, இன்று மாற்றிய வரியைத் தொடாமலே தேறிவிடும். ஏற்றிய பிறகு, உண்மையில் எந்தக் கோப்பு நினைவகத்துக்குள் வந்தது என்று அதே புராக் கோப்புறையில் பார்க்கலாம். அந்தப் பாதையையும் சோதனை சரிபார்த்துவிடுவது நல்லது.

இந்த இடத்தில் களைத்துப்போனவர்கள் ஒரு குறுக்கு வழி எடுப்பார்கள். லைப்ரரி ஏறவில்லையா, இந்தச் சோதனையைத் தாண்டிப் போ என்று ஒரு வரி. அல்லது லைப்ரரிக்குப் பதிலாகப் பைத்தானிலேயே எழுதிய மாற்றுக் கணக்கைப் பயன்படுத்து என்று ஒரு வரி. இரண்டிலும் திரையில் பச்சை எரியும். எனக்கு இதில் சமரசமே கிடையாது: நேட்டிவ் லைப்ரரியைச் சோதிக்க எழுதிய சோதனை, லைப்ரரி ஏறாதபோது தோற்றே ஆக வேண்டும். ஏன் என்பதற்கு மாணவியின் நிரலிலேயே சான்று இருக்கிறது.

உணரிக்கு எதிரொலி கிடைக்காவிட்டால் அவளுடைய சி நிரல் -1 என்ற எண்ணைத் திருப்பித் தரும். சிறிய எண்தானே என்று அதை ஒரு பைட் அளவுள்ள சார் வகை மாறியில் வைத்திருக்கிறாள். அடுத்த வரியில், மாறி பூஜ்யத்துக்குக் கீழே என்றால் 'உணரி வேலை செய்யவில்லை' என்று அறிவி. மடிக்கணினியில் சரியாக நடக்கிறது. பலகையில் அந்த அறிவிப்பு ஒருபோதும் வராது. சார் என்ற வகை எதிர்ம எண்களைத் தாங்குமா தாங்காதா என்பதைச் சி மொழி முடிவு செய்யாமல் ஒவ்வொரு தளத்துக்கும் விட்டுவிட்டது. எக்ஸ்86 லினக்ஸில் தாங்கும். -128 முதல் 127 வரை. ஆர்ம் லினக்ஸில் தாங்காது. 0 முதல் 255 வரை. எனவே பலகையில் -1 என்பது 255 ஆகிவிடுகிறது. உணரி பழுதாகி நிற்கிறது; நிரலோ நீர்ப்பரப்பு உணரியிலிருந்து 255 சென்டிமீட்டர் கீழே, அதாவது ஆறு வெகு தாழ்வாக, அமைதியாக ஓடுகிறது என்று படித்துக்கொண்டிருக்கிறது. மழைநாளில் மிகவும் எளிதில் பழுதாகும் பொருள் உணரிதான்.

தவறான குடும்பத்து லைப்ரரியை ஏற்ற முயன்று தோற்ற சோதனையை, தாண்டிப் போ என்று சொல்லி அடக்கியிருந்தால் இந்தப் பிழை பலகைக்குள்ளேயே கிடந்திருக்கும். சரியான லைப்ரரி ஏறிய பிறகுதான், 'எதிரொலி இல்லை' என்ற நிலையைச் சோதிக்கும் வரி பலகையில் உண்மையாக ஓடி, தோற்று, அவள் கண்ணில் படுகிறது. திருத்தம் சிறியது. எதிர்ம எண்ணைத் தாங்கும் என்று வெளிப்படையாக அறிவித்த வகையை எழுதினால் இரு குடும்பங்களிலும் ஒரே நடத்தை. இன்னும் நல்லது, பிழை நிலையைத் தூரத்தோடு ஒரே மாறியில் கலக்காமல் தனியாகத் திருப்பித் தருவது.

ஒவ்வொரு முறையும் பலகையை இணைத்துத்தான் சோதிக்க வேண்டுமா? முழுக்க வேண்டியதில்லை. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் வெளியிட்ட க்யூஇஎம்யூ என்ற மென்பொருள், ஒரு குடும்பத்தின் ஆணைகளை இன்னொரு குடும்பத்துக் கணினியில் நடித்துக் காட்டும். லினக்ஸ் கெர்னலிடம் 'இன்ன தலைப்பு உள்ள கோப்பு வந்தால் க்யூஇஎம்யூவிடம் கொடு' என்று பதிந்துவைக்கலாம். கெர்னல் ஒப்பிடுவது நாம் பார்த்த அதே பைட்களைத்தான். அதன் பிறகு மடிக்கணினியிலேயே ஆர்ம் பைத்தான் ஓடும், ஆர்ம் லைப்ரரி ஏறும், சார் பிழையும் அங்கேயே பிடிபடும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி புராசஸர்கள் ரிஸ்க்-5 என்ற மூன்றாவது குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தின் எல்ஃப் எண் 243. நாளை அத்தகைய பலகை ஒன்று மாணவியின் பள்ளிக்கு வந்தால், 'எக்ஸ்86 இல்லையா, அப்படியானால் ஆர்ம்' என்று எழுதிய நிரல்கள் தவறான லைப்ரரியை நீட்டும். மாணவியின் சோதனையோ 243-க்குப் பொருந்தும் கோப்பு இல்லை என்று தெளிவாகச் சொல்லி நிற்கும். அவள் நான்காவது முறை கம்பைல் செய்தால் போதும்.

க்யூஇஎம்யூவால் நடிக்க முடியாதது நேரம். ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 58 மைக்ரோ விநாடி. நடித்துக் காட்டும் புராசஸரில் ஓர் ஆணைக்கு ஆகும் நேரம் உண்மையான பலகையின் நேரத்தோடு ஒத்துப்போகாது. ஆற்றின் மட்டம் தவறாக வரலாம். எனவே எண்ணையும் வகையையும் சரிபார்க்கும் சோதனைகளை அவள் மடிக்கணினியில் தன் மூன்று லைப்ரரிகளுக்கும் ஓட்டிக்கொள்ளலாம். எதிரொலி நேரத்தை அளக்கும் சோதனையை மட்டும், உணரியோடு இணைத்த பலகையில், ஒரு சுவரிலிருந்து அளந்து வைத்த தூரத்தில் நிறுத்தி ஓட்ட வேண்டும். அதன் முடிவோடு எந்தப் பலகை, பைத்தான் எத்தனை பிட், ஏறிய கோப்பின் பாதை, பத்தொன்பதாவது பைட்டின் எண் ஆகியவற்றையும் அச்சிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பலகை மாறும்போது அவள் முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.